ஜூனில் விதை, மறு ஆண்டு அக்டோபரில் கன்று: சோழமண்டலக் கரையில் மாணவர்களோடு காடு மீட்பு

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். பள்ளி திறக்கும் வேளையும் அதுதான் என்பதால் அன்று மரக்கன்று நட்டுப் படம் எடுப்பது வழக்கமாகிவிட்டது. கேரளத்தில் அந்தத் தேதியை ஒட்டி மழை இறங்கிவிடும். சென்னையிலிருந்து கடலூர், வேதாரண்யம் வரையிலான கரையில் அது அனல்காற்று அடிக்கும் மாதம். இந்தக் கரைக்கு வரும் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் பெய்கிறது. ஜூனில் நட்ட கன்று நான்கு மாதம் வாளித் தண்ணீரில் உயிர் பிழைத்தால்தான் முதல் நல்ல மழையைப் பார்க்கும். பெரும்பாலும் பார்ப்பதில்லை. மறு ஜூனில் அதே குழியில் வேறொரு கன்று வைக்கிறார்கள். மாணவர்கள் கற்றுக்கொள்வது, மரம் நடுவது ஆண்டுதோறும் நடக்கும் சடங்கு என்பதை மட்டுமே.

பள்ளி ஆண்டும் காட்டின் ஆண்டும் பொருந்தாத இந்தச் சிக்கலை வைத்தே பாடத்தை எப்படி அமைப்பது என்பதுதான் இந்த ஆய்வின் பொருள். கணக்குக்காக ஒரு மாதிரி இடத்தை எடுத்துக்கொள்வோம்: கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, செம்மண் மேட்டில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி, பின்புறம் 10 சென்ட் வெற்று நிலம், எட்டாம் வகுப்பில் 40 மாணவர்கள், தேசியப் பசுமைப் படை என்ற பள்ளிச் சூழல் மன்றத்தைக் கவனிக்கும் ஓர் ஆசிரியர், ஒரு கைப்பம்பு அல்லது குழாய்.

எந்தக் காடு?

இந்தக் கரைக்கு உரியது வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. ஆளுயரத்துக்குச் சற்று மேலான புதர்களும், குட்டையான கெட்டி மரங்களும், அவற்றைப் பின்னிய கொடிகளுமாக, உள்ளே நுழைய வழி கேட்கும் காடு. ஒரு காலத்தில் விசாகப்பட்டினம் பக்கத்திலிருந்து இராமநாதபுரம் வரை கடலோரப் பட்டையாகப் பரவியிருந்தது. இன்று துண்டுகள்தான். கோடியக்கரையில் பெரிய துண்டு ஒன்று இருக்கிறது. கிண்டி தேசியப் பூங்காவில் கொஞ்சம். மற்றவை புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு போன்ற ஐயனார் கோயில் காடுகளில் சில ஏக்கர்களாக நிற்கின்றன. உலக்கைப்பாலை, வீரை, இரும்பிலி, காயா, காட்டெலுமிச்சை, சிறுகளா என்று அங்கே நிற்பவற்றைத் தனியார் நர்சரிகளில் கேட்டால் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள்.

இதை மீட்க முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு மண் அரித்துப் பள்ளம் விழுந்த செம்பொட்டல். முதலில் வரப்பு போட்டு மழைநீரை நிறுத்தினார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கத்திச்சவுக்கு போன்ற வேகமான மரங்களின் நிழலையும் பயன்படுத்திக்கொண்டு, பிறகு நாட்டு மரங்களைக் கொண்டுவந்தார்கள். சென்னையில் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த அடையாற்றுக் கழிமுகப் பகுதியில் 58 ஏக்கர் சீரமைக்கப்பட்டு 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. மாணவர்களுக்கான சூழல் கல்வி அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. 10 சென்டில் காடு வராது. ஆனால் அந்தக் காட்டின் இனங்களை விதையிலிருந்து வளர்த்து நிலைக்க வைக்கும் வித்தையைக் கற்க 10 சென்ட் தாராளம்.

இதற்கு முன் ஒரு வகுப்பு வெளியே நடக்க வேண்டும். பள்ளி வளாகத்தில் நிற்கும் மரங்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றும் எந்த ஊர்க்காரர் என்று கேட்பது. செம்மயிற்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது, தூங்குமூஞ்சியும் கொடுக்காப்புளியும் அமெரிக்கக் கண்டத்தவை, சீமைக்கருவேலமும் அப்படியே. புளி ஆப்பிரிக்காவிலிருந்து என்றோ வந்து சேர்ந்தது என்றதும் வகுப்பில் சலசலப்பு எழும். வெளியூர் மரத்தையெல்லாம் வெட்டவேண்டும் என்று மாணவர்கள் தாவாமல் ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும்: விதையை அள்ளி வீசி மற்ற எதையும் வளரவிடாத சீமைக்கருவேலமும் நிழல் தந்து சும்மா நிற்கும் புளியும் ஒன்றல்ல. எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது. மேற்குத்தொடர்ச்சி மலையின் மரமும் தமிழ்நாட்டு மரம்தான். அதைக் கரையோரச் செம்மண்ணில் வைத்தால் அது அங்கே அயலான்தான். கழுவெளி போன்ற சதுப்பின் விளிம்பில் எந்த மரத்தையும் நடக்கூடாது.

பதினாறு மாதக் கணக்கு

உலக்கைப்பாலையும் வீரையும் முதல் ஆண்டில் வளர்வது கண்ணுக்கே தெரியாது. ஜூலையில் விதைத்து அந்த அக்டோபரில் நட்டால் விரல் நீளக் கன்றுதான் கையில் இருக்கும். புல் அதை மூடிவிடும். எனவே விதைத்த கன்று மறு ஆண்டு அக்டோபரில்தான் மண்ணுக்குப் போகவேண்டும். எட்டாம் வகுப்பில் ஜூன், ஜூலையில் விதை எடுத்தவர்களே ஒன்பதாம் வகுப்பில் நட்டு, ஜனவரியில் கணக்கெடுத்து, பத்தாம் வகுப்பு தொடங்கும்போது கோடை இழப்பையும் எண்ணிவிட்டு, பொதுத்தேர்வுக்கு ஒதுங்கலாம். ஒன்பதில் தொடங்கினால் நடவு பத்தாம் வகுப்பில் விழும். எந்தத் தலைமையாசிரியரும் அதற்கு ஒப்பமாட்டார். நடுநிலைப் பள்ளியானால் ஆறாம் வகுப்பில் தொடங்கவேண்டும்.

முதல் அக்டோபர் சும்மா போகவேண்டியதில்லை. அந்த மழையில் வேலியும், வேகமாக வளர்ந்து நிழல் தரும் முன்னோடிச் செடிகளும் மண்ணுக்குப் போகும். 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் 10 சென்டுக்கு 100 குழி. அதில் 30 குழி முதல் ஆண்டில்: பூவரசம் போத்து (வெட்டி ஊன்றும் கிளை), நொச்சிக் குச்சி, ஆவாரை, விராலி. மீதி 70, மெதுவாக வளர்பவற்றுக்கு, இரண்டாம் ஆண்டில். நான்கு பேர் கொண்ட பத்துக் குழு. ஒரு குழுவுக்கு 10 குழி, அதில் 3 முன்னோடி. யாருடைய செடி எது என்பதில் குழப்பம் இருக்காது.

விதைப் பாடம்

திட்டத்தின் இதயம் இதுதான். நடவு நாளைக் கொண்டாடிவிட்டு இதைக் கூலியாளிடம் விடும் பள்ளிகள் பாடத்தையே விட்டுவிடுகின்றன.

ஒவ்வொரு குழுவும் ஊருக்குள் ஒரு தாய்மரத்தைத் தேர்ந்து வாரம் ஒருமுறை பார்க்கவேண்டும். ஏட்டில் நான்கு கட்டம் போதும்: தேதி, பூ, காய், பழம். எந்த வாரம் பழம் உதிரத் தொடங்குகிறது என்பது இப்படித்தான் தெரியவரும். எடுக்கும் விதி: ஓர் இனத்துக்கு ஒரே மரத்தை நம்பாமல் முடிந்தால் பத்து மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சம், எந்த மரத்திலும் பழத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், மீதி பறவைக்கும் அணிலுக்கும் மண்ணுக்கும். ஒரே தாயின் பிள்ளைகளை மட்டும் நட்டால் நாளை அவை தமக்குள்ளேயே மகரந்தம் மாற்றிக்கொண்டு வீரியம் குன்றும். சரணாலயம், காப்புக்காடு, தேசியப் பூங்காவில் வனத்துறை அனுமதியில்லாமல் ஒரு விதையும் எடுக்கக்கூடாது. கோயில் காட்டில் ஊர்ப் பெரியவர்களையும் பூசாரியையும் முதலில் கேட்கவேண்டும். குச்சி ஒடிப்பதும் குற்றம் என்று வைத்திருக்கும் காடுகள் உண்டு, அந்தக் கட்டுப்பாட்டால்தான் அவை மிஞ்சியிருக்கின்றன. அங்கே கீழே கிடப்பதை மட்டும், அனுமதி கிடைத்தால்.

குன்றிமணி, எட்டி, செங்காந்தள் மூன்றையும் மாணவர்களுக்கு முதல் நாளே காட்டி, தொடக்கூடாது என்று சொல்லிவிட வேண்டும். அழகாக இருக்கிறதே என்று சட்டைப்பையில் போட்டுக்கொள்வது பெரும்பாலும் குன்றிமணிதான்.

விதைகளில் இரண்டு சாதி. ஈரத்தோடு உயிர் வைத்திருப்பவை ஒன்று: நாவல், இலுப்பை. சதையை அன்றே கழுவி எடுத்து, வெயிலில் காயவிடாமல் ஒரு வாரத்துக்குள் விதைக்க வேண்டும். வேம்பையும் இவற்றோடு சேர்த்துக்கொள்வதே பாதுகாப்பு. சாதாரணமாகச் சில வாரத்தில் முளைப்புத்திறன் சரிந்துவிடும். நெல்லைப்போல் டப்பாவில் போட்டு மழைக்காலத்துக்கு வைத்திருந்தோம், ஒன்றும் முளைக்கவில்லை என்ற புகாரின் காரணம் இதுதான். மற்றது கல்லுத்தோல் விதை: சரக்கொன்றை, வாகை, பூவந்தி. இவை ஆண்டுக்கணக்கில் கிடக்கும், தண்ணீர் உள்ளே போக வழி செய்யாதவரை முளைக்காது.

சரக்கொன்றையை வைத்து ஒரு வகுப்பை முழுதாக நடத்தலாம். பிப்ரவரி, மார்ச்சில் கீழே விழுந்த கறுத்த காயை எடுத்து வைத்திருந்து, ஜூனில் உடைத்தால் உள்ளே கறுப்புப் பிசினோடு தட்டுத்தட்டாக அறைகள், அறைக்கு ஒரு தட்டையான பழுப்பு விதை. பிசினைக் கழுவி 75 விதை எடுத்துக்கொள்ளுங்கள். 25 விதை அப்படியே. 25 விதையை, கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு ஆறும்வரை ஓர் இரவு விடவேண்டும். அடுப்பின் மேல் வைத்துக் கொதிக்கவிட்டால் விதை வெந்துவிடும். மீதி 25 விதையை உப்புத்தாளில், ஓரமாக, உள்ளிருக்கும் வெளிர்நிறம் லேசாகத் தெரியும்வரை தேய்த்து ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். விதையின் முனையில் முளை வரும் கண் இருக்கும். அதற்கு எதிர்முனையைத்தான் தேய்க்கவேண்டும். காலையில் வழி திறந்த விதைகள் உப்பி மழுங்கி நிற்கும். உப்பாதவை முன்போலவே கடினமாக, பளபளப்பாக இருக்கும். உப்பாததை எடுத்து மறுபடி தேய்க்கலாம். மூன்று தட்டிலும் நாள்தோறும் முளைத்ததை எண்ணி வரைபடம் போட்டால் அறிவியலும் கணக்கும் ஒரே தாளில் வந்துவிடும். கந்தக அமிலத்தில் ஊறவைக்கும் முறை புத்தகங்களில் இருக்கும்; பள்ளியில் அதற்கு இடமில்லை.

நாவலில் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. ஒரு கொட்டையிலிருந்து இரண்டு, மூன்று முளைகூட வரும். 20 கொட்டைக்கு 26 நாற்று என்று எழுதிக்கொண்டு வந்து, 130 சதவீதம் சரியா சார் என்று கேட்பார்கள். முளைத்த கொட்டையை எண்ணுவதா, நாற்றை எண்ணுவதா என்று அவர்களே முடிவு செய்யட்டும். எதை எண்ணுகிறோம் என்பதை ஏட்டின் தலைப்பில் எழுதினால் போதும்.

உலக்கைப்பாலை விதை ஒரு மாதம் தாண்டியும் ஒவ்வொன்றாக முளைக்கும். பாத்தியைக் கலைத்துவிடும் அவசரத்தில்தான் பாதி நாற்று போகிறது.

பை, மண், நிழல்

70 நடவுக்கு, 20 பட்ட குழிகளில் மறுபடி நடுவதற்கு, மீதி நோஞ்சான்களைக் கழிப்பதற்கு என 120 பை வேண்டும். கலவை: செம்மண் 2 பங்கு, மணல் 1, நன்கு மக்கிய தொழு உரம் 1. எவ்வளவு மண் என்று மாணவர்களைக் கணக்கிடச் சொன்னால், 15 செ.மீ. அகலப் பையின் விட்டம் 15 என்று எடுத்துத் தப்பான விடை தருவார்கள். தட்டையாகக் கிடக்கும் பையின் அகலம் சுற்றளவில் பாதி. நிரம்பினால் விட்டம் 9.5 செ.மீ.தான். 22 செ.மீ. உயரம் நிரப்பினால் ஒரு பைக்கு ஏறத்தாழ 1.6 லிட்டர், 120 பைக்கு 192 லிட்டர். 15 லிட்டர் பாண்டில் அளந்தால் செம்மண் ஆறரை, மணல் மூன்றேகால், உரம் மூன்றேகால். மண் அமுங்கும் என்பதால் பத்தில் ஒரு பங்கு கூட எடுத்துக்கொள்ள வேண்டும்.

விதையின் தடிமனைப் போல் இருமடங்கு ஆழம். அதற்கு மேல் புதைத்தால் மேலே வர விதைக்குத் தெம்பு இருக்காது. பாதி நிழல்வலை, காலையில் பூவாளித் தண்ணீர். நாற்றங்காலில் மாணவர் செய்யும் பெரிய கெடுதல் அன்பு: நான்கு பேரும் முறைவைத்து ஆளுக்கொரு தடவை ஊற்றுவார்கள். தண்டு மண்மட்டத்தில் கறுத்து மடிந்தால் அது நாற்றழுகல். ஒரு வாரத்தில் பாத்தியே போய்விடும். விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டினால் ஊற்றக்கூடாது என்ற ஒரே விதி போதும்.

15 மாதம் பையில் இருக்கும் கன்றுக்கு வேர் இரண்டு வழியில் கெடும். ஆணிவேர் பையைத் துளைத்துத் தரையில் இறங்கிவிடும். நடவன்று பிடுங்கும்போது அறுந்துபோகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பையை இடம் மாற்றி வைக்கவேண்டும். அல்லது அடியில் சுருண்டு வளரும். சுருளோடு நட்ட கன்று இரண்டு ஆண்டு நன்றாக இருந்துவிட்டு ஒரு காற்றில் சாயும். நடும்போது பையின் அடிப்பாகத்தில் 2 செ.மீ. சுருள்வேரோடு சேர்த்து அறுத்துவிட வேண்டும்.

கடைசி இரண்டு மாதம் நிழல்வலையை நீக்கி, தண்ணீரையும் குறைத்துக் கன்றைப் பழக்கவேண்டும்.

நிலமும் நடவும்

சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் தழைத்துக்கொண்டு வரும். அடிக்கட்டையைச் சுற்றித் தோண்டி, குறைந்தது 30 செ.மீ. ஆழம் வரை கட்டையை எடுக்கவேண்டும். இது பெரியவர்கள் வேலை. அதன் முள் செருப்பைத் துளைத்து உள்ளே ஒடிந்துகொள்ளும். மாணவர்கள் மழைக்குப் பின் முளைத்த குட்டிகளைக் கையால் பிடுங்கலாம். பார்த்தீனியம் இருந்தால் கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

ஆட்டுக்கு வேலி. 10 சென்டுக்குச் சுற்றளவு ஏறத்தாழ 80 மீட்டர். முட்கிளுவைப் போத்தை அடிக்கொன்றாக மழைக்கு முன் ஊன்றினால் பிற்பாடு அதுவே வேலி. அதுவரை வெட்டிப்போட்ட கருவேல முள்ளை அடுக்கலாம், ஆனால் நெற்று இருக்கும் கிளையை அல்ல. நெற்றோடு அடுக்கி, மறு மழைக்கு வேலியோரம் முழுக்கக் கருவேல நாற்று வரிசை பிடித்த இடங்கள் உண்டு.

சரிவுக்குக் குறுக்கே ஒரு முழ உயர வரப்பு. 45 செ.மீ. நீள, அகல, ஆழத்தில் குழி. மேல்மண்ணைத் தனியே வைத்து, 2 கிலோ மக்கிய உரமும் 100 கிராம் வேப்பம்புண்ணாக்கும் கலந்து அதையே உள்ளே போடவேண்டும். மக்காத சாணம் போட்டால் கறையானையும் புழுவையும் விருந்துக்கு அழைத்ததாகும். தேதியை நாட்காட்டி தீர்மானிக்காது: அக்டோபரில் இரண்டு நல்ல மழைக்குப் பின் முழங்கை ஆழத்துக்கு மண் நனைந்திருக்கவேண்டும். மெதுவாக வளரும் கன்றை முன்னோடிச் செடிக்குக் கிழக்கே வைத்தால் மாலை வெயில் மறைக்கும். பையை முழுதாகக் கிழித்து எடுக்கவேண்டும். நடவு முடிந்ததும் 70 கன்றுக்கு 70 கிழிந்த பை கையில் இருக்கிறதா என்று எண்ணுவது சிறந்த சோதனை. ஒன்று குறைந்தால் அது குழிக்குள் இருக்கிறது. மூடாக்கு, அதாவது மண்ணின் மேல் பரப்பும் காய்ந்த இலைதழை, 5 முதல் 8 செ.மீ., தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி.

எண் எழுத பெயின்ட்டும் மார்க்கரும் ஒரு கோடைக்குத் தாங்காது. குளிர்பான டப்பாவின் அலுமினியத்தை அட்டையாக வெட்டி, ஓரத்தை மடித்து, ஆணியால் எண்ணை அழுத்தி எழுதிக் குச்சியில் கட்டலாம்.

மே மாதம்

பள்ளி பூட்டியிருக்கும்போதுதான் செடிக்கு ஆள் வேண்டும். 70 கன்றுக்கு வாரம் 10 லிட்டர் என்றால் வாரத்துக்கு 700 லிட்டர். மார்ச் முதல் ஜூன் மூன்றாம் வாரம் வரை 16 வாரத்துக்கு 11,200 லிட்டர். இந்த எண்ணை நடவுக்கு முன்பே பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்து, யார், எந்த நாள், எந்தக் குழாய் என்று எழுதி வாங்க முடியவில்லையென்றால் கன்று எண்ணிக்கையைக் குறைக்கவேண்டும். 30 கன்று பிழைப்பது 70 கன்று சாவதைவிட நல்ல பாடம். தினம் ஒரு குவளை ஊற்றுவது வேரை மேலேயே நிறுத்திவைக்கும். வாரம் ஒருமுறை ஆழமாக ஊற்றுவதே சரி. ஒதுக்குப்புறமான, நிழலே இல்லாத குழிகளில் சிறு மண்கலயத்தைக் கழுத்துவரை புதைத்து நிரப்பிவைக்கலாம். சுட்ட மண், மெருகு பூசாதது. மெருகிட்டதில் நீர் கசியாது.

எதனால் செத்தது?

கணக்கெடுப்பு மூன்று முறை: ஜனவரி இறுதி, ஜூன், மறு ஜனவரி (அப்போது பொறுப்பு அடுத்த வகுப்பினருக்கு). எத்தனை பிழைத்தது என்பதைவிட எப்போது, எப்படிச் செத்தது என்பதில்தான் படிப்பு இருக்கிறது. ஜனவரிக்குள் போனவை பெரும்பாலும் நட்டவர் கைக்குற்றம்: வேரடியில் காற்றிடம், தண்ணீர் தேங்கிய குழி, உடைந்த மண்ணுருண்டை. மார்ச்சுக்கும் ஜூனுக்கும் இடையில் என்றால் தண்ணீரும் மூடாக்கும். தண்டு சாய்வாகக் கத்தியால் அறுத்ததுபோல் இருந்தால் முயல். கிழிந்து நார் தொங்கினால் ஆடு. தரையொட்டி மண்பூச்சு ஏறியிருந்தால் கறையான்.

ஜூனில் மொட்டைக் குச்சியாக நிற்பதைச் செத்தது என்று எழுதும் முன், நகத்தால் பட்டையைக் கீறிப் பார்க்கவேண்டும். பச்சை தெரிந்தால் உயிர். மேலே பச்சை இல்லாவிட்டாலும் அடியில் கீறவேண்டும். இந்தக் காட்டின் இனங்கள் பலவும் மேல்தண்டு காய்ந்தபின் அடியிலிருந்து துளிர்க்கும். ஆகவே ஏட்டில் உயிர், பட்டது என்ற இரண்டு கட்டம் போதாது. ‘அடித்துளிர்’ என்று மூன்றாவது வேண்டும். அக்டோபர் மழைக்கு முன் எந்தக் கன்றையும் பிடுங்கக்கூடாது. உயரத்தை வைத்து மதிப்பெண் போடுவதும் வேண்டாம்: நொச்சி பெற்ற குழு ஜெயிக்கும், வீரை பெற்ற குழு தோற்கும்.

மதிப்பீட்டுக்கு எழுத்துத் தேர்வைவிட மூன்று செயல்கள் உதவும். பெயர் சொல்லாமல் பத்து இலை கொடுத்து இனம் காணச் சொல்லலாம். செத்த ஒரு கன்றைக் காட்டிக் காரணம் கேட்கலாம். ஒரு புது விதையைக் கொடுத்து, இதை எத்தனை நாளுக்குள், எப்படி விதைப்பாய் என்று கேட்கலாம். மூன்றாவதுக்குச் சரியாகப் பதில் சொல்பவர் மற்ற இரண்டையும் தானே பிடித்துக்கொள்வார்.

மூன்றாம் அக்டோபரில் பட்ட குழிகளில் கையிருப்புக் கன்று போகும். பிரண்டை, ஆதண்டை போன்ற கொடிகள் அப்போதுதான், மரங்கள் தாங்கும் உயரத்துக்கு வந்தபின். அதற்கான விதையையும் போத்தையும் புது எட்டாம் வகுப்பு எடுக்கும். தாய்மர ஏடு அவர்கள் கைக்கு ஜூன் முதல் வாரமே வந்தால்தான் நாவல் பழம் உதிர்வதற்குள் மரத்தடிக்குப் போய்ச் சேர்வார்கள்.